ஆறு எழுத்து குறைந்த பெட்டி

காக்ஸ் டவுனில் காலை எட்டரைக்கு மேல் போனால் நல்ல பன் கிடைக்காது. அதற்குப் பிறகு தட்டில் கிடப்பதெல்லாம் நேற்றையது. அதனால் நான் எட்டு மணிக்கே போய் நாலு பன் வாங்கிவிடுவேன். எனக்கு இரண்டு, க்ளெனுக்கு இரண்டு. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். பிப்ரவரியில் எத்தனை நாள் அங்கே போனீர்கள் என்று நீங்கள் கேட்டபோது, மஞ்சுநாத் சார், ‘அடிக்கடி’ என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனாலும் எழுத்தில் கொடுக்கும்போது விவரமாகச் சொல்வதுதான் முறை. பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை தொடங்கி, பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை வரை, எட்டு நாளும் போனேன்.

நீங்கள் கேட்டது இரண்டே பக்கம். போன வெள்ளிக்கிழமை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைப் பாதி குடித்துவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டீர்கள்.

“நோடி, பாருங்க சார், இந்த கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்குக் கொத்தில்ல. ஸ்டேஷன்ல ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஒரு இன்ஜினியர் பையன்கிட்ட காட்டினேன். ‘இது புரோகிராமே இல்ல சார், கீபோர்டு மேல பூனை நடந்துருக்கு’ங்கறான். நீங்க அவருக்கு ஃப்ரெண்டு. இந்த பாஷை படிக்கறவர் நீங்கதான்னு எல்லாரும் சொல்றாங்க. பெட்டி சரியா, தப்பா, அஷ்டே, அவ்வளவுதான். தமிழ்லயே எழுதிக் குடுங்க, நான் கன்னடத்துல மாத்திக்கறேன்.”

செருப்பை மாட்டும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். “பெட்டி சரின்னு நீங்க எழுதிட்டா, அந்த அம்மாவைக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதான் சார். வேற வழியில்ல.”

அந்த அம்மா என்றால் ஜூலியா, க்ளெனின் மனைவி. இதைக் கன்னடத்தில் படிக்கப்போகிற உங்கள் மேலதிகாரிக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் நண்பன் க்ளென், வயது எழுபது, பிப்ரவரி இருபத்தேழாம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். மூட்டுவலிக்கு அவன் சாப்பிட்ட மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான் சாப்பிட வேண்டியது. அதை அவன் தினம் ஒன்றாக எட்டு நாள் சாப்பிட்டிருக்கிறான். ரத்தம் ஊறுவதே நின்றுபோய்விட்டது என்றார் டாக்டர். மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தது க்ளென் தன் கையால் செய்த ஒரு மரப்பெட்டி. பெட்டியில் மாத்திரை நிரப்பியது ஜூலியா. க்ளெனின் தம்பி மைக்கேல்ராஜ் அண்ணியின் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவள் டீச்சராக இருக்கிற பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் லீவில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கோவிலில் அவள் உட்காருகிற பெஞ்சில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.

ஆகவே, பெட்டி சரி என்றால் ஜூலியா. பெட்டி தப்பு என்றால் க்ளென். இரண்டில் ஒன்றைக் குறித்துக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. ஆனால் நான் முப்பத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில்தான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், மூன்றாவது எங்கே என்று தேடுகிற பழக்கம் விடவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தெருவில் என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பார்கள். தொழிற்சாலையில் நான் எழுதிய ஒரு புரோகிராம் அவ்வளவு சின்னதாக இருந்ததால், மேலாளர் அதை மூன்று நாள் தேடி, கடைசியில் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போது கண்டெடுத்தார் என்று சொல்லியிருக்கிறேன். வெறும் இடைவெளிகளை மட்டும் வைத்து எழுதுகிற மொழியில் நாற்பது பக்கம் எழுதிப் பிரிண்ட் போடக் கொடுத்தேன், கடைக்காரர் பிரிண்டரைப் பழுது பார்க்க அனுப்பிவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த மொழி இருப்பது நிஜம். பிரிண்டர் கதை நானாகச் சேர்த்தது. இந்த வாக்குமூலத்தில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை.

இப்படிப்பட்ட மொழிகளை எதற்காகச் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். எதற்காகவும் இல்லை. எங்கள் மாதிரி ஆட்கள் பொழுது போகாமல் விளையாடத்தான். ஒரு மொழியில் ‘தயவுசெய்து’ என்று போதுமான தடவை எழுதாவிட்டால் இயந்திரம் வேலை செய்யாது. அதிகமாக எழுதினாலும், குழையாதே என்று நின்றுவிடும். க்ளெனுக்குப் பிடித்த மொழியில் எட்டே எட்டு எழுத்துதான். கூட்டல், கழித்தல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அம்பு, இரண்டு அடைப்பு, ஒரு புள்ளி, ஒரு காற்புள்ளி. அதற்கு வைத்திருக்கிற பெயரைப் போலீஸ் கோப்பில் எழுதுவது நாகரிகமாக இருக்காது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பிரேசர் டவுனில் ஒரு பேக்கரியில் நாங்கள் கூடுவோம், அதைச் சபை என்போம். பத்தொன்பது வருஷமாக அது நடக்கிறது. ஆட்கள் வருவார்கள், கல்யாணம் ஆகும், நின்றுவிடுவார்கள். நிலையாக இருந்தது க்ளெனும் நானும். ஐந்து வருஷமாக பொம்மனஹள்ளியிலிருந்து ரூபினி என்ற பெண் வருகிறாள். கம்பெனியில் வேலை பார்க்கிறவள், கெட்டிக்காரி. ஒருவர் ஒரு கணக்குக் கொடுப்பார். அதையே எல்லாரும் புரோகிராமாக எழுதி வர வேண்டும். யாருடையது குறைந்த எழுத்தில் இருக்கிறதோ அவர் ஜெயித்தவர். பரிசு கிடையாது. வேண்டாத ஓர் எழுத்தை விட்டுவைப்பதுதான் எங்களுக்குள் இருக்கிற ஒரே அவமானம்.

பெரும்பாலும் க்ளென்தான் ஜெயிப்பான். என் தாளை வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, “டேய் சில்வெஸ்டரு, உன் புரோகிராமுக்குத் தொப்பை விழுந்துருச்சுடா” என்பான். பேக்கரியில் டீ கொண்டுவருகிறவர்கூடச் சிரிப்பார். ரூபினி முதல் நாள் வந்தபோதும் அதையே சொன்னான். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருஷம் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அடுத்தவர் புரோகிராமில் தப்பைப் பார்த்தால் சொல்லக் கூடாது. அவரே தேடி, அலுத்துப்போய், ‘கண்ணு குடு’ என்று கேட்க வேண்டும். கேட்டால் காட்டலாம். கேட்காமல் காட்டினால் மூன்று சனிக்கிழமை வாய் திறக்கக் கூடாது. இதைக் கொண்டுவந்ததே க்ளென்தான். ஆரம்ப காலத்தில் ஒருமுறை நான் அவனுடைய தப்பு ஒன்றை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். “என் தப்பு என் சொத்துடா. நான் கேட்டாத்தான் அதுல கை வெக்கணும்” என்று கத்தினான். நான் கட்டுப்பட்டேன். அதிலிருந்து ஒருநாளும் மீறியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் க்ளெனுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு வீட்டுக்கு வருகிற வழி. ஒரு சனிக்கிழமை என் மனைவியைப் பற்றிப் பேச்சு வந்தது. பெர்னதெத் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பதினைந்து கிறிஸ்துமஸுக்கு அவனுக்குக் கேக் செய்து அனுப்பியவள். “உன் வீட்ல… அவங்க பேரு இன்னாடா?” என்றான். சொன்னேன். தலையை ஆட்டினான். அன்றைக்கும் அவன் புரோகிராம் என்னுடையதைவிட நாலு எழுத்து குறைவு. என் மனைவி பெயரைப் பிடித்துவைத்துக்கொள்ளாத மூளை அதை மட்டும் எப்படிப் பிடித்துவைத்திருந்தது என்று வீட்டுக்கு நடந்துவரும்போது யோசித்தேன். வருத்தப்பட்டேன் என்று சொல்ல முடியாது. யோசித்தேன், அவ்வளவுதான்.

மறதிக்கு மருந்தாகத்தான் அந்தப் பெட்டியைச் செய்தான். ஜூலியா காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். ஒன்பது மணிக்கு மாத்திரை சாப்பிட வேண்டும். அதனால் மேலே ஒரு டிராயர், கீழே ஒரு டிராயர், முகப்பில் ஒரு சின்னத் திரை. மேல் டிராயர் தினமும் ஒன்பதுக்குத் திறக்கும், சர்க்கரைக்கும் பிரஷருக்கும். கீழ் டிராயர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும், அந்த வார மாத்திரை ஒன்றைத் தட்டில் தள்ளும். திரையில் பெட்டி ஓட ஆரம்பித்து எத்தனையாவது நாள் என்று காட்டும். இதையெல்லாம் நடத்துகிற புரோகிராமை அந்த எட்டெழுத்து மொழியில் எழுதினான். சாதாரண மொழியில் எழுதுங்களேன் என்றாள் ஜூலியா. “இதுல எழுதுனாத்தான் எவனும் கை வெக்க மாட்டான்” என்றான். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு எழுத்து. ஜூலியாவுக்கு ஒரே உத்தரவு, தனக்கும் அதே உத்தரவு. பெட்டி திறந்தால் போடு, திறக்காவிட்டால் போடாதே. “என் மண்டைய நம்பாத. பெட்டிய நம்பு.”

நல்ல புரோகிராம். இருநூற்றுப் பன்னிரண்டில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதில் நடுவில் ஆறு எழுத்து இருந்தது. அதைப் பற்றி உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அந்த மொழியில் ஒரு கட்டத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் எண்ண முடியும். அதற்கு மேல் ஒன்று கூட்டினால் சைபர். பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண் முழுச் சுற்று வந்து மறுபடியும் சைபரில் நிற்குமே, அதுபோல. க்ளெனின் பெட்டி நாளையும் கிழமையையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்திருந்தது. நாள் கணக்கு சுற்றி வந்து சைபராகும்போது கிழமைக் கணக்கையும் இழுத்துக்கொண்டு விழாமல் இருக்க, இடையில் ஆறு எழுத்தைக் காவலுக்கு நிறுத்தியிருந்தான். அந்தக் காவல் இல்லாவிட்டால் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து நாளும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடுத்த நாளிலிருந்து பெட்டிக்கு எல்லா நாளும் ஞாயிறு.

போன வருஷம் ஜூன் முதல் தேதி, சனிக்கிழமை, நல்ல மழை. ரூபினிக்கு பஸ் கிடைக்கவில்லை. பேக்கரியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். க்ளென் பெட்டியின் புரோகிராமை மடிக்கணினியில் திறந்து வைத்திருந்தான். அவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சந்தோஷம், சிலர் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்க்கிற மாதிரி.

“இன்னாடா அப்டி பாக்கற?” என்றான்.

“ஒண்ணுமில்ல. இந்த ஆறு எழுத்து இன்னாத்துக்கு?”

“எது?”

“இதோ, நடுவுல.”

ரொம்ப நேரம் பார்த்தான். டீயில் ஆடை படிந்தது. உதட்டை அசைத்து முதலிலிருந்து படித்தான், மறுபடி படித்தான். கடைசியில், “தெர்லடா. எப்பவோ போட்டது” என்றான்.

“வேல செய்யுதா அது?”

“செய்யாமலா வெச்சிருப்பேன்?”

“எனக்கு இன்னா தெரியும்? உன் புரோகிராமு. பாக்கறவனுக்குத் தொப்பை மாதிரிதான் கீது.”

அவன் முகம் சிவந்துபோய்விட்டது. நான் சொன்னது அவ்வளவுதான். எடு என்று சொல்லவில்லை. அவனே எடுத்தான். ஒரு மாதக் கணக்கை வேகமாக ஓட்டிப் பார்த்தான். தினமும் மேல் டிராயர், ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் டிராயரும், எல்லாம் ஒழுங்காக வந்தது. “இருநூத்தி ஆறு” என்று இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டான். “பாத்தியா? இந்த வயசுலயும் இளைக்க முடியும்டா.” அன்று மத்தியானமே பெட்டியில் புதிதாக ஏற்றினான். நாள் கணக்கு சைபரிலிருந்து தொடங்கியது.

ஒரு கேள்வி கேட்டது குற்றமாகுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழு விவரம் வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, அவன் புரோகிராமை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆறு எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு ஓட்டினேன். எது எப்போது திறக்கும் என்று பார்த்தேன். அதன் பிறகுதான் கேள்வியைத் தயார் செய்தேன்.

ஜூன் ஒன்றிலிருந்து இருநூற்று ஐம்பத்தாறாவது நாள் பிப்ரவரி பன்னிரண்டு. அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளக் கடினமான தேதி இல்லை.

கோபத்தில் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கோபம் எட்டரை மாதம் தாங்காது. அந்த எட்டரை மாதமும் நாங்கள் ஒரு சண்டை போட்டதில்லை. செப்டம்பரில் என் பிறந்தநாளுக்கு ஜூலியா பிரியாணி செய்து கூப்பிட்டாள். டிசம்பரில் அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு விளக்கு மாட்ட நான்தான் ஏணியைப் பிடித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஒருமுறை ‘கண்ணு குடு’ என்று அவன் சபையில் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே ஆறு எழுத்தையும் திருப்பி எழுதிக் காட்டியிருப்பேன். முப்பத்தேழு சனிக்கிழமை. அவன் சபையில் கேட்கவில்லை. கேட்காமல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவன் வீட்டில் இருந்தேன். மேல் டிராயர் சொன்ன நேரத்துக்குத் திறந்தது. கூடவே கீழ் டிராயரும் திறந்தது. உள்ளே ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை உருண்டு வந்து தட்டில் நின்றது. சத்தம்கூட இல்லை. என்னை அறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன்.

“டேய், நாளு சைபர்னு காட்டுதுடா” என்றான் க்ளென்.

“புதுசா ஆரம்பிக்குது போல.”

“அப்ப இன்னிக்கு ஞாயிறா?”

“பெட்டி இன்னா சொல்லுது?”

அவன் தட்டைப் பார்த்தான். மூன்று மாத்திரையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பூசைக்குப் போகாமல் ஏன் பேண்ட் போடாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தோம்.

வியாழன், வெள்ளி அப்படியே போயின. சனிக்கிழமை பேக்கரிக்கு வந்தான், சபையில் சூடான டீ உதட்டில் எரிகிறது என்றான். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜூலியா வீட்டில் இருந்தாள். ஞாயிறு கீழ் டிராயர் திறக்க வேண்டிய நாள்தான். அந்த எட்டு நாளில் பெட்டி ஒழுங்காக நடந்துகொண்ட ஒரே நாளை அவள் பார்த்தாள். “அண்ணா, இவருக்கு வாய்ல புண்ணு வந்துருக்கு, தயிரே சாப்பிட மாட்டேங்கறாரு, நீங்களாவது சொல்லுங்க” என்றாள். சொன்னேன். தயிர் சாப்பிட்டான்.

கீழ் டிராயரில் அவள் பிப்ரவரி இரண்டாம் தேதி பன்னிரண்டு மாத்திரை, அதாவது பன்னிரண்டு வாரத்துக்கு, போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒன்பது இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தது. மைக்கேல்ராஜ் உங்களிடம் எண்ணிக் காட்டியது அதைத்தான். எண்ணிக்கை சரி. ஜூலியா அதில் கை வைக்கவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை. பதினெட்டாம் தேதி. இதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். விட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருவன் இல்லை.

அன்று நான் கொண்டுபோன பன்னை அவனால் கடிக்க முடியவில்லை. டீயில் ஊறவைத்துப் பார்த்தான், அதுவும் முடியவில்லை. கையில் அங்கங்கே நீலமாகக் கன்றியிருந்தது. ஒன்பது மணிக்கு இரண்டு டிராயரும் திறந்தன. மாத்திரைகளை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டான், ஆனால் போடவில்லை. மஞ்சள் மாத்திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டேய்” என்றான். “இந்தக் கீழ் டிராயரு நேத்தும் தொறந்துச்சோன்னு ஒரு டவுட்டுடா.”

நான் ஊறிப்போன பன்னை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

“ஜூலியாகிட்ட சொன்னா பயந்துருவா. நானும் ராத்திரி பூரா படிச்சுப் பாத்தேன், மண்டைல நிக்கல.” மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான். “கண்ணு குடுடா.”

பத்தொன்பது வருஷத்தில் அவன் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்களிடம் கேட்டிருக்கிறான், ரூபினியிடம்கூட. என்னிடம் கேட்டதில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இருநூற்று ஆறு எழுத்தையும் ஒன்றுவிடாமல் படித்தேன். அவசரப்படவில்லை, இருபது நிமிஷம் ஆனது. அவன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதியவன் வாத்தியாரைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் அந்த ஆறு எழுத்து இருந்த இடம் வந்தது. மிகச் சுத்தமாக இருந்தது. வெட்டிய தடமே தெரியவில்லை.

“சரியாத்தான் கீது” என்றேன்.

“நேத்து தொறக்கலயா?”

“தொறக்கல. உனக்குத்தான் கலக்கம்.”

“அப்பாடா” என்றான். நிஜமாகவே அவனுக்கு மூச்சு வந்தது. “நான் போனாப் போறேன்டா. பெட்டி போச்சுன்னா ஜூலியா இன்னா பண்ணுவா, வேலைய விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காருவாளா?”

வாயில் புண் இருந்ததால் மாத்திரை இறங்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அவன் கேட்டதற்குப் பிறகும் சொல்லவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். கட்டுப்பாட்டின்படி சபையில், சனிக்கிழமையில் கேட்க வேண்டும். அன்று செவ்வாய். வீட்டுக்குள் கேட்டது கணக்கில் வராது. சனிக்கிழமை வரை பொறுத்திருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். வியாழக்கிழமை காலையிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடக்கத்தில் சவப்பெட்டியின் ஒரு பக்கத்தை நான் தூக்கினேன். அவன் மெலிந்துபோயிருந்தான்.

நேற்று மாலை ரூபினி வந்தாள். ஜூலியாவிடமிருந்து புரோகிராமை வாங்கிப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கூடவே அவளுடைய ஃபோனில் பழைய படம் ஒன்று. போன வருஷம் மே மாதம் க்ளென் பெருமையாகக் காட்டியபோது எடுத்தது.

“அங்கிள், இதுல இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. பெட்டில இருக்கறது இருநூத்தி ஆறு. நடுவுல ஆறு போயிருச்சு பாருங்க. இருநூத்தம்பத்தாறாவது நாள்ல இடிக்குது. நான் ஓட்டிப் பாத்துட்டேன். ஜூலியா ஆன்ட்டி மேல ஒண்ணுமே இல்ல அங்கிள், நாளைக்கே ஸ்டேஷன்ல போய் சொல்லப் போறேன்.”

“நல்லதும்மா” என்றேன்.

“பாவம் க்ளென் அங்கிள்.” அவள் கண் கலங்கியது. “மறதில அவரே வெட்டிட்டாரு. காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்க பண்ற தப்பு.”

“தப்பா?”

“பின்ன என்ன அங்கிள்? அசட்டுத் தப்பு.”

நான் டீ போட எழுந்தேன். சமையலறையிலிருந்து திரும்பியபோது அவள் ஃபோனில் எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புது புரோகிராம் ஏத்துனது ஜூன் ஒண்ணாந்தேதின்னு காட்டுது” என்றாள். “சனிக்கிழமை. அன்னிக்குதானே மழைல நான் வரல?”

“இருக்கலாம்.”

“அப்ப நீங்க ரெண்டு பேருதான் இருந்திருப்பீங்க. நீங்க பாக்கலயா அங்கிள்? உங்க கண்ணுக்குத் தப்புமா அது?”

“கேட்டாத்தானேம்மா பாக்கணும்.”

அவள் ஃபோனை அணைத்தாள். பிறகு டீயைக் குடிக்காமல் எழுந்தாள். எனக்காகக் கொண்டுவந்த பிரிண்ட்டை மேஜையிலிருந்து எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

ஆகவே, மஞ்சுநாத் சார், இன்று அவள் உங்களைப் பார்க்க வருவாள். அவள் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஜூலியாவை நீங்கள் விட்டுவிடலாம், பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். அவளுக்காகத்தான் இதை எழுதினேன், எனக்கு வேறு ஒரு காரணமும் இல்லை. ‘கொன்றேன்’ என்ற சொல் உங்கள் படிவத்துக்குத் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். மறதியில் க்ளென் செய்த தப்பு என்று ரூபினி எழுதிக் கொடுப்பாள். அதை அப்படியே கன்னடத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதில் தப்பு எதுவும் கிடையாது. எட்டரை மாதத்துக்கு முன் கணித்த காலையில், கணித்த டிராயர், ஒரு நாள் முன்பின் இல்லாமல் திறந்தது. க்ளென் எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்று ஆறு என்னுடையது. பத்தொன்பது வருஷத்தில் அவனைத் தாண்டி நான் எழுதிய சிறந்தது இது ஒன்றுதான், கோப்பில் அது அவன் பெயரில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.